கிணற்றுப் பயத்தைப் படிப்படியாகக் குறைத்தல்

வன்னியில் கிணற்றை ஒதுக்கிவிட்டு ஒரு நாளைக் கழிப்பது கடினம்; ஆயினும் கிணற்றடிக்குப் போனதுமே நெஞ்சு படபடத்துக் கைகால் நடுங்குபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். எங்கள் சின்னம்மாவுக்குக் கப்பி கிறீச்சிடும் சத்தமே போதும், குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். அப்படி விலகும்போது கிடைக்கும் ஆறுதல்தான் பயத்தை வளர்க்கிறது. ஏனெனில் அங்கேயே நின்றிருந்தால் பயம் தானாகத் தணிந்திருக்கும் என்பதை உடல் அறிந்துகொள்ள வாய்ப்பே கிடைப்பதில்லை.

உடலைத் தளர்த்தப் பழகியபின் பயத்தைச் சிறுசிறு படிகளாகச் சந்திக்கும் இம்முறையை, தென்னாபிரிக்க மருத்துவரான ஜோசப் வோல்ப்பே 1958இல் விரிவாக எழுதினார்.

முதலில் ஒரு கிழமை தளர்வை மட்டும் பழகுங்கள். பாயில் படுத்து, கையைப் பொத்தி 5 விநாடி இறுக்கி, பின்னர் விட்டு, அது கனத்துச் சோர்வதை அரை நிமிடம் கவனியுங்கள்; தோள், முகம், வயிறு, கால் என எல்லாவற்றுக்கும் இவ்வாறே செய்யுங்கள். உள்ளிழுக்கும் மூச்சைவிட வெளிவிடும் மூச்சு நீளமாக இருக்கட்டும்.

அதன்பின் பயத்துக்கு 0 முதல் 100 வரை புள்ளியிடுங்கள். சின்னம்மாவின் கணக்கில் விறாந்தையில் இருந்து கிணற்றைப் பார்ப்பது 20, பத்தடி தள்ளி நிற்பது 40, கிணற்றுக் கட்டைத் தொடுவது 65, எட்டிப் பார்ப்பது 85, தானே வாளியை இழுப்பது 100. குறைந்த படியில் தொடங்கி, மூச்சைச் சீராக்கியபடி, புள்ளி பாதியாகும் வரை அங்கேயே நில்லுங்கள். உச்சப் பயத்தோடு திரும்பி ஓடினால் அன்றைய முயற்சி வீணாகிவிடும். தாங்க முடியாவிட்டால் ஓரடி மட்டும் பின்வாங்கி நில்லுங்கள். ஒரு படி சலித்துப்போன பிறகே அடுத்த படிக்குப் போக வேண்டும். சின்னம்மா ஈரமான கிணற்றுக் கட்டின்மேல் உள்ளங்கையை வைத்தபடி மூன்று நாள் பேசாமல் நின்றார். நான்காம் நாள், "பாசி மணக்குது" என்றார். பயத்தைத் தவிர வேறொன்றை அவர் அன்றுதான் கவனித்தார்.

இடுப்பளவு உறுதியான கட்டுள்ள கிணற்றையே தெரிவுசெய்யுங்கள். கட்டில்லாத தோட்டக் கிணற்றுக்கு அஞ்சுவது நோயன்று, புத்தி. கூட நிற்பவர் கேலி செய்யவோ பிடித்துத் தள்ளவோ கூடாது.

ஊசியையோ இரத்தத்தையோ கண்டு மயங்குபவர்களுக்குத் தளர்வு பொருந்தாது; இரத்த அழுத்தம் விழுவதால் அவர்கள் கைகால் தசைகளை இறுக்கவே பழக வேண்டும். போர்க்கால நினைவோடு பிணைந்த பயத்தை, உதாரணமாக ஹெலிகொப்டர் இரைச்சலுக்கோ வெடிச் சத்தத்துக்கோ பதறுவதை, தனியே இம்முறையால் தீர்க்க முயல வேண்டாம். மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்தை அழையுங்கள்.