கெல்ட்டுகளைப் பற்றி எழுதப் போகிறீர்களா? முதலில் தேதியைப் பாருங்கள்

கெல்டிக் புராணம், துரூயிடுகள் (பழங்கால ஐரோப்பாவில் கெல்டிக் மொழிகள் பேசிய கெல்ட்டுகளின் பூசாரிகள்), ஐரிஷ் தேவதைகள் என்று எதையாவது தமிழில் எழுதிவிட்டு, “ஒரு தடவை பார்த்துக் கொடுங்கக்கா” என்று அனுப்புகிறவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஆரம்பத்தில் நாங்களெல்லாம் விழுந்த அதே குழிகளில்தான் வரிசையாக விழுகிறார்கள். வேல்ஸை இங்கிலாந்தின் ஒரு மாவட்டம் என்று எழுதுவது, பெயர்களை ஆங்கில உச்சரிப்பில் எழுதுவது போன்றவற்றை நான் இங்கே தொடப்போவதில்லை. எந்த மெய்ப்புத் திருத்துநரும் அவற்றைப் பிடித்துவிடுவார். (விளையாட்டு அணிகள்தான் ‘செல்டிக்’, மற்ற இடமெல்லாம் ‘கெல்டிக்’ என்பதோடு அதை முடித்துக்கொள்கிறேன்.)

பழைய கல் எல்லாம் கெல்டிக் கல் என்று நினைப்பது

இங்கிலாந்தின் ஸ்டோன்ஹெஞ்ச் கல்வட்டத்தில் பெரிய கற்கள் நிறுத்தப்பட்டது சுமார் கி.மு. 2500. அயர்லாந்தின் நியூகிரேஞ்ச் கல்லறை மேடு அதற்கும் முந்தையது, சுமார் கி.மு. 3200. துரூயிடுகளைப் பற்றிக் கிரேக்கரும் ரோமரும் எழுதத் தொடங்கியதோ கி.மு. கடைசி இரண்டு நூற்றாண்டுகளில்தான். கற்களையும் துரூயிடுகளையும் முடிச்சுப் போட்டவர்கள் பிற்காலத்து இங்கிலாந்துப் பழம்பொருள் ஆர்வலர்கள். 17ஆம் நூற்றாண்டில் ஜான் ஆப்ரி லேசாகச் சொன்னதை 1740இல் வில்லியம் ஸ்டூக்லி ஒரு முழுப் புத்தகமாகவே எழுதிவிட்டார். இன்றுவரை அந்த முடிச்சு அவிழவில்லை.

நியூகிரேஞ்சின் உள்ளறையில் செதுக்கிய மூன்று சுழிகளும் அப்படித்தான். ‘கெல்டிக் முச்சுழி’ என்று அதைப் பதக்கத்திலும் புத்தக அட்டையிலும் போடுகிறார்கள். மத்திய கால ஐரிஷ் கதைகளில் அந்த மேடு தெய்வங்களின் வீடாக வருவது உண்மை. கட்டியவர்கள் வேறு, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து அதைப் பார்த்துக் கதை சொன்னவர்கள் வேறு. இரண்டையும் எழுதுங்கள், தனித்தனியாக.

யோலோ மொர்கானுக்கை நம்புவது

இதைப் பற்றித்தான் நான் உண்மையில் எழுத உட்கார்ந்தேன்.

சில காலம் முன்பு ஒரு மொழிபெயர்ப்பு நூல் என் மேசைக்கு வந்தது. வந்தது அச்சான பிறகு. பதிப்பகத்தின் பெயர் வேண்டாம். உள்ளே வேல்ஸ் நாட்டுக் கதைகள். மொழிபெயர்த்த பையன் நல்ல உழைப்பாளி. முதல் பக்கத்தைப் புரட்டினால் தடித்த எழுத்தில்: “இறைவா, உன் காவலைத் தா, காவலில் வலிமையைத் தா, வலிமையில் அறிவைத் தா…” கீழே, ‘2,000 ஆண்டுப் பழமையான துரூயிடுகளின் பிரார்த்தனை’. மூலநூலில் இது இல்லையே என்று கேட்டேன். “நான்தாங்க்கா சேர்த்தேன். நெட்ல எங்க தேடினாலும் இதான் வருது” என்றான். வரும். எங்கே தேடினாலும் அதுதான் வரும். அதுதான் சிக்கலே. அட்டையில் வேறு மூன்று கோடுகள் கதிராக விரியும் ஒரு குறி. அதுவும் ஆதித் துரூயிடுச் சின்னமாம்.

பிரார்த்தனை, கதிர்க்குறி இரண்டும் ஒரே ஆளின் கைவேலை. எட்வர்ட் வில்லியம்ஸ் (1747–1826), தெற்கு வேல்ஸின் கிளமோர்கன் பகுதியில் கல்தச்சர். தனக்கு வைத்துக்கொண்ட புலவர் பெயர் யோலோ மொர்கானுக். ஆஸ்துமாவுக்காகத் தொடங்கிய லாடனம் என்ற அபின் கரைசலை ஆயுள் முழுக்க விடவில்லை. வெறும் புளுகர் என்று ஒதுக்கிவிட முடிந்திருந்தால் இவ்வளவு சேதம் வந்திருக்காது. அந்தக் காலத்தில் வேல்ஷ் கையெழுத்துச் சுவடிகளை அவரளவுக்குத் தேடித்தேடிப் படித்தவர்கள் மிகச் சிலர். பழைய யாப்பு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அதனால்தான் அவர் எழுதிய போலி, அசலோடு அசலாக உட்கார்ந்துவிட்டது. 14ஆம் நூற்றாண்டின் பெருங்கவி தாவித் அப் க்விலிமின் பாடல்கள் 1789இல் முதன்முறை தனித் தொகுப்பாக அச்சேறியபோது, பின்னிணைப்பில் யோலோ எழுதிக் கொடுத்தவையும் சேர்ந்தே அச்சாயின. அவை கவியுடையவை அல்ல என்று கி. ஜா. வில்லியம்ஸ் என்ற அறிஞர் நிறுவிக் காட்டியபோது ஆண்டு 1926. இடைப்பட்ட காலத்தில் அந்தப் பாடல்களை ரசித்தவர்களில் வேல்ஷ் இலக்கியத்தையே கரைத்துக் குடித்தவர்களும் இருந்தார்கள்.

யோலோவின் எழுத்துமுறையைப் பாருங்கள், எவ்வளவு நுட்பமான வேலை என்று புரியும். ‘கோயல்பிரென்’ என்று ஒரு நெடுங்கணக்கு, பண்டைப் புலவர்களுடையது என்று அவர் சொன்னது. வளைவே இல்லாமல் எல்லாம் நேர்கோடும் சாய்கோடும். ஏன்? மரத்தில் கத்தியால் வெட்டினால் வளைவு வராதே! எழுத்து வெட்டிய சதுரக் குச்சிகளை ஒரு சட்டத்தில் வரிசையாகக் கோத்து, ஒவ்வொன்றாகத் திருப்பிப் படிக்கும் ‘பெய்தினென்’ என்ற பொறியையும் சொல்லிவைத்தார். பொய்க்கு இவ்வளவு தச்சுவேலை யார் செய்வார் என்றுதான் எவருக்கும் தோன்றும். அவர் மகன் தலியேசினுக்கே தோன்றவில்லை. அப்பா சொன்னதை அப்படியே நம்பிக் கோயல்பிரென் பற்றி எழுதிய கட்டுரைக்கு 1838இல் பரிசு வாங்கினார்.

பிறகு சடங்கு. 1792 ஜூன் 21 அன்று லண்டனின் பிரிம்ரோஸ் ஹில்லில், சிறு கற்களை வட்டமாக வைத்து ‘கோர்செத்’ என்ற புலவர் அவையைக் கூட்டினார். துரூயிடு காலத்திலிருந்து கிளமோர்கனில் மட்டும் அறுபடாமல் வந்த மரபாம் அது. 1819இல் கார்மார்தனில் நடந்த ஐஸ்டெத்வொட் என்னும் கவிதை இசைவிழாவோடு அதை ஒட்டவைத்துவிட்டார். ஐஸ்டெத்வொட்டின் வேர் உண்மையிலேயே மத்திய காலத்தில் இருக்கிறது. அந்த அசலின் முதுகில் இந்தப் புதுசு ஏறிக்கொண்டது.

எழுத வருகிறவர்கள் வழுக்குவது எங்கே என்றால், ‘வேல்ஷ் முப்பாக்கள்’ என்று தேடும்போது. மும்மூன்றாகச் செய்திகளைக் கோத்துச் சொல்லும் வடிவம் அது. மத்திய காலச் சுவடிகளில் உள்ள உண்மையான வடிவம். ஆனால் 1801 முதல் வெளிவந்த பெரிய வேல்ஷ் தொகைநூலில் ‘மூன்றாம் வரிசை’ என்று அச்சான முப்பாக்கள் யோலோ திருத்தி விரித்தவை. பதிப்புரிமை காலாவதியானதால் இணையத்தில் இலவசமாகக் கிடைப்பதும் அவைதான். ரேச்சல் பிரோம்விச் 1961இல் சுவடிகளை ஒப்பிட்டு வெளியிட்ட பதிப்புக்குக் காசு கொடுக்க வேண்டும். இலவசம் எது என்று பார்த்து எடுத்தால் 18ஆம் நூற்றாண்டுக் கல்தச்சரைத்தான் எடுப்பீர்கள்.

அந்தப் பதிப்பகத்தில் முதல் பாரத்தை (பிரார்த்தனை இருந்த அச்சுத்தாளை) பிரித்து, புதிதாக அச்சடித்து, மறுபடி பைண்டிங் செய்தார்கள். அட்டையை மாற்றப் பணமில்லை. கதிர்க்குறி இன்னும் கடைகளில் இருக்கிறது. கடையில் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

இதைச் சொன்னதும் சிலர் மறுமுனைக்குப் பாய்கிறார்கள்: ‘அப்படியென்றால் கோர்செத்தே போலி’. அதுவும் தவறு. வெள்ளை, நீலம், பச்சை அங்கிகளோடு ஒவ்வோர் ஆகஸ்டிலும் தேசிய ஐஸ்டெத்வொட்டில் நடக்கும் சடங்கு, இருநூறு ஆண்டு வயதுள்ள அசல் வேல்ஷ் மரபு. அந்தப் பிரார்த்தனையை இன்றும் அங்கே சொல்கிறார்கள். 2002இல் அப்போதைய வேல்ஸ் பேராயர் ரோவன் வில்லியம்ஸை அதில் சேர்த்துக்கொண்டபோது, பேராயர் துரூயிடு மதத்துக்குப் போய்விட்டார் என்று ஆங்கிலப் பத்திரிகைகள் குதித்தன. அது வேல்ஷ் மொழிக்கும் பண்பாட்டுக்கும் செய்த பணிக்கான மரியாதை. மதம் மாறும் சமாச்சாரமே இல்லை. ஆகவே எழுதலாம், தாராளமாக எழுதலாம். ‘1792’ என்று எழுத வேண்டும்.

துரூயிடு = திராவிடர்

இல்லை.

பெயர் பாரிஸில், படம் டென்மார்க்கில்

கொம்பு முளைத்த கடவுள் கெர்னுன்னோஸ் பற்றி எழுதாத ஆளில்லை. அந்தப் பெயர் தெளிவாக உருவத்தோடு சேர்ந்து வருவது பாரிஸ் நோத்ரு தாம் தேவாலயத்துக்கு அடியில் கிடைத்த படகோட்டிகளின் தூணில். திபேரியஸ் சீசர் காலத்தில் ஜுப்பிட்டருக்கு வைத்த தூண் அது. கொம்புக்கொரு கழுத்து வளையம் தொங்கும். ஆனால் எல்லோரும் போடும் படமோ குண்டஸ்ட்ரப் வெள்ளிக் கொப்பரையிலிருந்து. 1891இல் டென்மார்க்கின் சதுப்பில் கிடைத்தது. கொம்போடு சம்மணமிட்டு, ஒரு கையில் வளையமும் மறுகையில் பாம்பும் பிடித்திருக்கிறார். அதில் பெயர் எதுவும் இல்லை. வெள்ளி வேலைப்பாடு பால்கன் பகுதியின் திரேசியப் பாணியை ஒத்தது. ஐரிஷ் கதைகளிலோ கெர்னுன்னோஸ் வருவதே இல்லை. ‘கெல்ட்டுகள் அனைவரும் வணங்கிய வனதேவன்’ என்று எழுதும் முன் இந்த மூன்றுக்கும் நடுவே எத்தனை நாடுகள் கிடக்கின்றன என்று வரைபடத்தில் பாருங்கள்.

முடிச்சு ஓவியத்தை ஆதிகாலத்துக்குத் தள்ளுவது

ரோமருக்கு முந்தைய கெல்டிக் கலைக்கு லா தென் பாணி என்று பெயர், சுவிட்சர்லாந்தின் நொஷாத்தெல் ஏரிக்கரை இடத்தை வைத்து. அதில் சுழி உண்டு, கொடி வளைவு உண்டு, பார்த்தால் முகமாகவும் இலையாகவும் மாறிமாறித் தெரியும் வடிவங்கள் உண்டு. கயிறு மேலும் கீழுமாகப் பின்னிப்போகும் அந்தப் பிரபல முடிச்சு கிடையாது. அது கி.பி. 7ஆம் நூற்றாண்டு வாக்கில் பிரிட்டிஷ், ஐரிஷ் தீவுகளின் கிறிஸ்தவ மடங்களில் செழித்தது. மத்தியதரைக் கடல் பக்கத்துப் பின்னலும் ஜெர்மானியப் பொற்கொல்லர்களின் விலங்குப் பின்னலும் உள்ளூர்ச் சுழியோடு சேர்ந்து உருவானது. இந்த ஓவியத்துக்குப் பேர்போன நற்செய்திச் சுவடியான கெல்ஸ் நூல் சுமார் கி.பி. 800. அதே பாணியில் ஒளிரும் லிண்டிஸ்ஃபார்ன் நற்செய்திகளை எழுதி வரைந்தது ஆங்கிலோ-சாக்சன் நாடான நார்தம்பிரியாவில். ‘முடிவிலியைக் குறிக்கும் பழங்கால மந்திர முடிச்சு’ என்று நகைக்கடை அட்டையில் எழுதியிருப்பதைக் கட்டுரையில் எழுதாதீர்கள். வரைந்த துறவிகள் அப்படி எதையும் எழுதி வைக்கவில்லை.

எட்டுப் பண்டிகைகள்

கெல்ட்டுகளுக்கு ஆண்டுக்கு எட்டுப் பண்டிகை என்று எழுதுகிறார்கள். மத்திய கால ஐரிஷ் நூல்களில் இருப்பது நான்கு: சாவின், இம்போல்க், பெல்டனே, லூனசா. அவற்றோடு கதிர் திரும்பும் நாள்களையும் சமஇரவு நாள்களையும் சேர்த்து எட்டு ஆரச் சக்கரமாக்கியது 1950களின் இங்கிலாந்தில், விக்கா என்னும் நவீனச் சூனிய மதத்தைப் பரப்பிய ஜெரால்ட் கார்ட்னர், நவீனத் துரூயிடு ராஸ் நிக்கல்ஸ் இருவரின் வட்டாரங்களில்.

உண்மையான பழங்கால நாள்காட்டி ஒன்று கையில் இருக்கும்போது அதை ஏன் யாரும் தொடுவதில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். 1897இல் பிரான்சின் கொலின்யீயில் உடைந்த வெண்கலத் துண்டுகளாகக் கிடைத்து, இப்போது லியோன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. காலம் கி.பி. 2ஆம் நூற்றாண்டு. எழுத்து ரோமானியம், மொழி கோலிஷ் (இன்றைய பிரான்ஸ் பகுதியில் அன்று பேசிய கெல்டிக் மொழி). ஐந்தாண்டுக்கு 62 மாதங்கள்: அறுபது வழக்கமான மாதங்கள், சந்திரனையும் சூரியனையும் இழுத்துக்கட்ட நம் பஞ்சாங்கத்து அதிக மாதம் போல இரண்டு. 30 நாள் மாதத்துக்குப் பெரும்பாலும் ‘மத்’ என்ற குறி, நல்லது. 29 நாள் மாதத்துக்கு ‘அன்ம்’, நல்லதல்ல. ஒவ்வொரு நாளுக்கு நேரேயும் ஒரு சிறு துளை. முளை செருகி நாளை நகர்த்த என்று கொள்கிறார்கள். இதைப் பற்றித் தமிழில் ஒரு நல்ல கட்டுரை யாராவது எழுதினால் காசு வாங்காமல் மெய்ப்புப் பார்த்துத் தருகிறேன்.

மர ராசி

பிறந்த நாளுக்கொரு மரம் சொல்லும் ‘கெல்டிக்’ ராசி. 1948இல் கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் கட்டிய மர நாள்காட்டியிலிருந்து முளைத்தது. அடித்துவிடுங்கள்.

மொழிகளுக்கு இரங்கற்பா எழுதுவது

‘அழிந்துபோன கெல்டிக் மொழிகள்’ என்ற தலைப்பைப் பார்த்தாலே மூடிவிடுவேன். கோலிஷ் அழிந்தது, ஸ்பெயினின் கெல்டிபீரியம் அழிந்தது. வேல்ஷ் மொழியை 2021 கணக்கெடுப்பில் சுமார் 5,38,000 பேர், வேல்ஸ் மக்களில் 17.8 விழுக்காடு, பேசுவதாகச் சொன்னார்கள். ஐரிஷ் நிலைமை வேறு மாதிரி. தெரியும் என்று 2022இல் பதிந்தவர்கள் 18 லட்சத்துக்கு மேல். பள்ளிக்கு வெளியே தினமும் பேசுகிறவர்கள் சுமார் 72,000தான். இரண்டு எண்ணையும் சேர்த்துப் போடுங்கள், ஒன்றைப் போட்டால் பொய்யாகிவிடும். மான் தீவின் மாங்க்ஸ் மொழியைத் தாய்மொழியாகப் பேசிய கடைசி மனிதர் நெட் மேட்ரெல் 1974இல் இறந்தார். அதோடு கட்டுரையை முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள். அதே தீவில் செயின்ட் ஜான்ஸ் ஊரில் மாங்க்ஸ் வழியில் நடக்கும் தொடக்கப் பள்ளி இருக்கிறது.

பிரான்சின் பிரெத்தோன் மொழியைக் கோலிஷின் வாரிசு என்று எழுதுவதும் அடிக்கடி வருகிறது. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டனின் தென்மேற்கிலிருந்து கடல் கடந்து போனவர்களின் மொழி அது. உறவு கார்னிஷோடும் வேல்ஷோடும். ஐரிஷ்காரரும் வேல்ஷ்காரரும் தத்தம் மொழியில் பேசிக்கொண்டால் ஒருவருக்கொருவர் புரியாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

குலத்துக்கொரு டார்ட்டன்

ஸ்காட்லாந்தின் கட்டம்போட்ட துணிதான் டார்ட்டன். குலத்துக்கொரு கட்டம் என்பது 19ஆம் நூற்றாண்டு. ஜவுளிக்கடைக்காரர்களைக் கேளுங்கள்.

ஓகம் எழுத்தில் பச்சை குத்துவது

கல்லின் விளிம்பையே நடுக்கோடாகக் கொண்டு, அதன் இருபுறமும் குறுக்காகவும் கோடுகளையும் சிறு பள்ளங்களையும் வெட்டிய எழுத்து. முதலில் இருபது எழுத்துகள். சுமார் 400 கற்கள் இருக்கின்றன, பெரும்பாலும் அயர்லாந்தின் தெற்கே, கெர்ரி, கார்க், வாட்டர்ஃபோர்டு பக்கம்; கொஞ்சம் மேற்கு வேல்ஸிலும். காலம் ஏறக்குறைய கி.பி. 4 முதல் 7ஆம் நூற்றாண்டுவரை. துரூயிடுகளின் ரகசிய மந்திரங்கள் என்று சொல்லி விற்கிறார்கள். படித்துப் பார்த்தால் ‘இன்னாருடைய, இன்னார் மகனுடைய’ என்று பெயர்கள். நினைவுக்கல் அல்லது நில எல்லை. ஆசையாக இருந்தால் உங்கள் பெயரையும் உங்கள் அப்பா பெயரையும் குத்திக்கொள்ளுங்கள், முறைப்படி சரியாகவே இருக்கும். கையில் குத்துகிறவரிடம் மட்டும் கீழிருந்து மேலாக என்று சொல்லிவிடுங்கள்.