வீட்டில் இலக்கணம் சொல்லிக் கொடுக்கும்போது நான் சொதப்பிய இடங்கள்

மகளைப் பள்ளியிலிருந்து நிறுத்தி வீட்டிலேயே படிக்க வைக்க ஆரம்பித்து மூன்று வருடம் ஆகிறது. கணக்கும் அறிவியலும் ஒருமாதிரி ஓடிவிட்டன, இலக்கணத்தில்தான் வண்டி மக்கர் பண்ணியது. பெருந்துறைப் பக்கம் குடியிருந்துகொண்டு இலக்கணம் வரவில்லை என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாகவும் இருக்கும், ஏனென்றால் பக்கத்துச் சீனாபுரம்தான் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவரின் ஊர் என்று இங்கே சொல்வார்கள். (சீனாபுரம் என்றதும் பலருக்கு மாட்டுச் சந்தைதான் ஞாபகம் வரும், அது வேறு விஷயம்.)

முதல் தவறு, பெயர்களிலிருந்து தொடங்கியது. எழுவாய், பயனிலை, பெயரெச்சம், வினையெச்சம் என்று நோட்டில் எழுத வைத்து ஒப்பிக்கச் சொன்னேன். கடகடவென்று ஒப்பித்தாள், ஒரு வாக்கியத்தைக் கொடுத்தால் முழித்தாள். இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் படித்து மறந்தோம்.

அப்புறம்தான் வாக்கியத்தைக் கோடு போட்டுப் பிரிக்கும் முறை கண்ணில் பட்டது. அமெரிக்காவில் புரூக்ளினில் வாத்தியார்களாக இருந்த ரீட், கெல்லாக் என்ற இரண்டு பேர் 1877-ல் போட்ட ஆங்கில இலக்கணப் புத்தகத்தால் பரவிய முறை இது. படுக்கையாக ஒரு கோடு, அதை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும் ஒரு நெட்டுக்கோடு. இந்தப் பக்கம் எழுவாய், அந்தப் பக்கம் வினை. வினைக்கு அடுத்து இன்னொரு குட்டிக்கோடு, இது கீழே இறங்காமல் படுக்கைக் கோட்டின் மேலேயே நின்றுவிடும், அதைத் தாண்டினால் செயப்படுபொருள். அடைமொழிகள் எல்லாம் சாய்கோட்டில் கீழே தொங்கும். எங்கள் வீட்டுச் சிவப்பு ரெட் ஆக்சைடு தரையில் சாக்பீஸால் போட்டால் பார்க்கவே அழகாக இருக்கும், அந்த அழகில்தான் நான் ஏமாந்தேன்.

"எழுவாய் முதலில் வரும்" என்று சொல்லி வைத்திருந்தேன். அடுத்து "நேற்று அப்புச்சி வாழைக்குத் தண்ணி கட்டினார்" என்ற வாக்கியத்தைக் கொடுத்தேன். (எங்கள் பக்கம் அம்மாவின் அப்பாவை அப்புச்சி என்போம், அம்மாவின் அம்மாவை அம்மாயி என்போம்.) எழுவாய் இடத்தில் "நேற்று" என்று எழுதினாள். அவள் மேல் தப்பே இல்லை, முதல் வார்த்தை அதுதானே!

தமிழ் வாக்கியத்தைக் கடைசியிலிருந்து பிடிக்க வேண்டும் என்று எனக்கு உறைக்கவே இரண்டு மாதம் ஆயிற்று. "கட்டினார்" என்ற ஒரு சொல்லை மட்டும் தரையில் எழுதி, "இதன் வாலைப் பார், யார் கட்டியது?" என்றேன். 'ஆர்' என்று முடிகிறது, அப்படியானால் மரியாதைக்குரிய யாரோ ஒருவர், சரி, வாக்கியத்தில் அப்படி யார் இருக்கிறார், அப்புச்சி. நேற்று கட்டாது, வாழை கட்டாது. இந்த ஒரு கேள்வி பழகிவிட்டால் "வந்தேன்" என்ற ஒற்றைச் சொல் வாக்கியத்தில்கூட 'நான்' ஒளிந்திருப்பதைப் பிள்ளையே கண்டுபிடித்துவிடும். தோன்றா எழுவாய் என்ற பெயரை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

அடுத்து "எதைக் கட்டினார்?" என்று கேட்டேன். தண்ணியை. "ஆனா 'ஐ' இல்லையே?" என்றாள். ஒளிந்திருக்கிறது, போட்டுப் படித்துப் பார், பொருந்தினால் அதுதான் செயப்படுபொருள் என்றேன். இது பேச்சில் எந்நேரமும் நடப்பது. மாடு புல் மேய்கிறது, நாம் காப்பி குடிக்கிறோம், எங்கேயும் 'ஐ' கிடையாது. பாடப் பயிற்சிகளில் மட்டும் உருபு வெளியே தெரியும் வாக்கியங்களாகவே பொறுக்கிப் போட்டு வைத்திருப்பார்கள், அதை மட்டும் செய்து பழகிய பிள்ளை வீட்டுப் பேச்சைப் பிரிக்கத் திணறும். அன்றைக்கு அவளுக்கு உண்மையில் இருந்த சந்தேகம் வேறு: தண்ணியை எப்படிக் கட்ட முடியும், கயிற்றாலா? பாடத்தை அப்படியே விட்டுவிட்டுத் தோட்டத்துக்குப் போனோம். அப்புச்சி மம்பட்டியால் ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்துவிடுவதை அரைமணி நேரம் பார்த்துவிட்டு வந்தோம். அந்த வாக்கியத்தை அவள் இன்றைக்கும் மறக்கவில்லை.

ஆங்கிலத்தில் இந்த வால் வித்தை பலிக்காது, அங்கே இடம்தான் எல்லாம். "ஆட்டை அம்மாயி விரட்டினார்" என்று நாம் எப்படி மாற்றிப் போட்டாலும் விரட்டியது அம்மாயிதான். "அம்மாயி சேஸ்டு தி கோட்" என்பதை மாற்றி "தி கோட் சேஸ்டு அம்மாயி" என்று போட்டால் ஆடு அம்மாயியைத் துரத்த ஆரம்பித்துவிடும். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். இரண்டு மொழியையும் ஒரே நாளில் நடத்துகிறவர்கள் இந்த வித்தியாசத்தை முதல் வாரமே சொல்லிவிடுங்கள்.

இதைச் சொல்லாமல் விட்டதால் வந்ததுதான் என்னுடைய பெரிய தவறு. ஆங்கிலத்துக்குப் போட்ட கோட்டில் தமிழைத் திணித்தேன். "இது எங்கள் வீடு" என்பதில் வினை எங்கே என்று அவள் கேட்க, நானும் விடாமல் "ஆகும்" என்று ஒன்றைச் சேர்த்து "இது எங்கள் வீடு ஆகும்" என்றேன். எந்த மனுசர் அப்படிப் பேசுவார்? ஆங்கிலத்துக்கு அந்த இடத்தில் 'ஈஸ்' வேண்டும், நமக்கு 'வீடு'தான் பயனிலை, பெயர்ப் பயனிலை என்று அதற்குப் பெயரே இருக்கிறது. "எனக்குப் பசிக்கிறது" இன்னும் மோசம். ஆங்கிலத்தில் 'ஐ ஆம் ஹங்க்ரி', 'ஐ' எழுவாய். அந்த ஞாபகத்தில் 'எனக்கு' என்பதை எழுவாய்ப் பெட்டியில் போட்டோம், 'கு' என்ற நான்காம் வேற்றுமை உருபு பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. கடைசியில் எழுவாய் இடத்தைக் காலியாக விட்டு, 'எனக்கு' என்பதைக் கீழே சாய்கோட்டில் தொங்கவிட்டோம். காலி இடம் இருந்தால் ஒன்றும் குடி முழுகிவிடாது. ஆங்கிலத்துக்குத்தான் அந்த நாற்காலி காலியாக இருக்கக் கூடாது, மழை பெய்தால்கூட 'இட் ஈஸ் ரெயினிங்' என்று ஆளே இல்லாத ஓர் 'இட்'டை உட்கார வைக்கும்.

இன்னொன்று, பேச்சைத் திருத்துவது. இதை நினைத்தால் இப்போதும் சங்கடமாக இருக்கிறது. "நா சந்தைக்குப் போகோணும்" என்று அவள் சொன்னபோது, அம்மாயி பக்கத்தில் இருக்கும்போதே, "போகோணும் இல்ல, போக வேண்டும்னு சொல்லு" என்றேன். அம்மாயி முகம் சுருங்கிவிட்டது, ஏனென்றால் பிள்ளை அதை அவரிடமிருந்துதான் கற்றது. 'போக' என்ற எச்சமும் 'வேணும்' என்பதும் சேர்ந்து தேய்ந்த வடிவம் அது, அதை உடைத்துக் காட்டினாலே ஒரு நாள் பாடம் ஆகிவிடும். எழுதும்போது எப்படி, வீட்டில் பேசும்போது எப்படி என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டுங்கள், போதும்.

ஒரு நாளைக்கு இருபது வாக்கியம் என்று பக்கத்தை நிரப்பாதீர்கள். மூன்று போதும், அதுவும் பிள்ளை சொன்ன வாக்கியங்களாக இருந்தால் நல்லது. கோடு போட்டுப் பழகினால் கட்டுரை தானாக நன்றாக வந்துவிடும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். அமெரிக்காவின் தேசிய ஆங்கில ஆசிரியர் மன்றமே 1985-ல், தனியாகச் செய்யும் இலக்கணப் பயிற்சிகள் பேச்சையும் எழுத்தையும் வளர்ப்பதற்குப் பதிலாகத் தடுக்கின்றன என்று தீர்மானம் போட்டது. எனக்கு அந்த அளவுக்குக் கோபம் இல்லை. நீளமான வாக்கியம் ஒன்று புரியாமல் அவள் சிக்கிக்கொள்ளும்போது சாக்பீஸை எடுப்போம், மற்றபடி கதை படிப்பதும் எழுதுவதும்தான்.

விடை தெரியாத கேள்வி வந்தால் சமாளிக்காதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். போன மாதம் "அப்பா வந்துட்டாருங்க" என்பதைப் பிரித்துக்கொண்டிருந்தவள், "இந்த 'ங்க'வை எங்கேம்மா போடறது?" என்றாள். வந்தவருக்கான மரியாதை 'ஆரு'விலேயே முடிந்துவிட்டது, 'ங்க' எதிரே நின்று கேட்கிறவருக்கு. எழுவாயிலும் ஒட்டாது, பயனிலையிலும் ஒட்டாது. தெரியாது, தேடிப் பார்க்கலாம் என்றேன். ரீட், கெல்லாக் முறையில் ஒருவரைக் கூப்பிடும் சொல்லுக்கு, நம் விளிக்கு, வாக்கியத்தோடு சேராமல் மேலே மிதக்கும் தனிக்கோடு ஒன்று உண்டு. 'ங்க'வை அங்கே வைத்தோம். இலக்கண வாத்தியார்கள் ஒப்புக்கொள்வார்களா என்று தெரியாது, ஆனால் இப்போதெல்லாம் அவள் போடும் ஒவ்வொரு படத்துக்கும் மேலே ஒரு 'ங்க' தனியாக உட்கார்ந்திருக்கிறது, ஆங்கில வாக்கியங்களுக்கும் சேர்த்து.