கோள் கடப்பை அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மேகம், பனிப்படிவு, தீர்ந்துபோன மின்கலம் ஆகியவற்றை ஒருமுறை பட்டால் எவரும் கற்றுக்கொள்வர். அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். தொலைவு விண்மீனின் முன்னே அதன் கோள் கடக்கும்போது ஏற்படும் ஒளிக்குறைவை அளக்க வரும் புதியவர்கள், நாங்கள் முன்பு சறுக்கிய அதே இடங்களில் சறுக்குவதைக் காண்பதால் இதை எழுத நேர்ந்தது.

கடப்பை மட்டும் பதிவு செய்தல்

முன்னும் பின்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பதிவு இல்லையெனில், ஒளிக்குறைவால் ஒளி வரைபடத்தில் விழும் பள்ளத்தின் ஆழத்தை எதிலிருந்து அளப்பது?

எந்த நேரம் என்று எழுதாமை

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். கணினி காட்டும் உலகப் பொது நேரத்தை யூலியன் நாளாக (நாள்களைத் தொடர்ச்சியாக எண்ணும் வானியல் கணக்கு) மாற்றி, அதையே கடப்பின் நடுநேரமாகக் கொடுத்துவிடுகிறார்கள். புவி சூரியனைச் சுற்றிவருவதால் விண்மீனின் ஒளி சில மாதங்களில் முந்தியும் சில மாதங்களில் பிந்தியும் நம்மை வந்தடைகிறது. புவியின் சுற்றுத்தளத்தை ஒட்டிய விண்மீனாயின் இவ்வேறுபாடு அரையாண்டில் 16 நிமிடங்களைத் தாண்டும். ஆகவே நேரத்தைச் சூரியக் குடும்பத்தின் பொருண்மை மையத்துக்குத் திருத்த வேண்டும். புவியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலகப் பொது நேரத்தில் அவ்வப்போது சேர்க்கப்பட்ட லீப் நொடிகளின் கணக்கு வேறு இருக்கிறது: 2017 முதல் உலகப் பொது நேரம், சீராக ஓடும் இயக்கவியல் நேரத்தைவிட ஏறக்குறைய 69.2 நொடி பின்தங்கியுள்ளது.

ஒரு கல்லூரிக் குழு, தான் கண்காணித்த கோளின் கடப்புகள் அலைபோல் முந்தியும் பிந்தியும் நிகழ்வதாகவும், கண்ணில் படாத மற்றொரு கோள் அதை இழுப்பதாகவும் கட்டுரை வரைவுடன் வந்தது. அத்தகைய இழுப்பு உண்மையில் உண்டு. கெப்ளர்-9 என்ற விண்மீனின் கோள் அமைப்பில் அது 2010இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் இவர்களுடைய அலையின் காலம் சரியாக ஓராண்டு. அவர்கள் அளந்திருந்தது புவியின் சுற்றுப்பாதையைத்தான். அதைவிடக் கொடுமை, எந்தக் கோப்பு திருத்தப்பட்டது, எது திருத்தப்படாதது என்ற குறிப்பு எங்குமே இல்லாததால், நல்ல இரவுகளின் பதிவுகளையும் சேர்த்துக் கைவிட வேண்டியதாயிற்று. ஒரு வரிக் குறிப்புக்கு என்ன செலவு?

அண்டை விண்மீனை மறத்தல்

கோள் கடப்புகளைத் தேடும் டெஸ் செயற்கைக்கோளின் ஒரு படப்புள்ளி வானில் 21 வில்நொடி அகலத்தை அடக்குகிறது. அதற்குள் மங்கலான இரட்டை விண்மீன் ஒன்று இருந்து, அதன் இணைகள் ஒன்றையொன்று மறைத்தால், அந்தப் பெரிய ஒளிவீழ்ச்சி பக்கத்து விண்மீனின் ஒளியில் நீர்த்து, கோளுக்குரிய 1 விழுக்காட்டுப் பள்ளமாகத் தோன்றக்கூடும். ஒற்றைப்படை, இரட்டைப்படைக் கடப்புகளின் ஆழம் தெளிவாக வேறுபட்டால் இரட்டை விண்மீனையே முதலில் ஐயுறுங்கள்.

ஒரே ஒப்பீட்டு விண்மீனை நம்புதல்

வேண்டாம். ஒளியை ஒப்பிட்டு அளக்க நாம் எடுக்கும் அந்த விண்மீனே ஒளி மாறும் விண்மீனாக இருக்கலாம்.

தரவை அளவுமீறிச் சீராக்குதல்

எச்.டி. 209458 விண்மீனின் கோள் ஏற்படுத்தும் ஒளிக்குறைவு ஏறத்தாழ 1.5 விழுக்காடு, நீடிப்பது மூன்று மணி நேரம். அதே நீளத்துக்கு நகரும் சராசரி எடுத்துக் கழித்தால், இரைச்சலோடு கோளின் பெரும்பகுதியும் போய்விடும்.