வெறும் பாக்குதானே? வாய்ப் புற்றுநோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தொப்பூர் கணவாயை ராத்திரியில் தாண்டும் லாரி டிரைவர்களில் பலர், தூக்கம் வராமலிருக்க வாயில் பாக்கை அடக்கிக்கொள்வார்கள். கேட்டால், "புகையிலை போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்பார்கள். தர்மபுரியில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. முதல் தவறும் இதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, புகையிலை சேராத பாக்கையும் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தி 20 ஆண்டுகள் தாண்டிவிட்டன.

அடுத்த தவறு, செல்களைச் செங்கல் என்றும் அவற்றைச் சுற்றியிருக்கும் மேட்ரிக்ஸை இடையில் பூசிய சிமெண்ட் என்றும் நினைப்பது. கொலாஜன், ஃபைப்ரோனெக்டின் என்ற புரதங்களும் ஹையலூரோனன் என்ற சர்க்கரைச் சங்கிலியும் பின்னிய அந்த வலை செல்லோடு ஓயாமல் பேசுகிறது. செல்லின் மேற்பரப்பில் உள்ள இன்டெக்ரின், சிடி44 போன்ற ஏற்பிகள் அதைக் கேட்டு உள்ளே சொல்கின்றன. பெருகுவதா, நகர்வதா, செத்துப்போவதா என்று செல் முடிவெடுப்பதில் இந்தப் பேச்சுக்குப் பெரிய பங்கு உண்டு.

பாக்கு கைவைப்பது இங்கேதான். அதிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள், கொலாஜன் சுரக்கும் செல்களைத் தூண்டுகிறது. தாமிரம், கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைக்கும் லைசில் ஆக்சிடேஸ் என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. டானின் அந்த இழைகளைச் சுலபத்தில் கரையவிடாது. கூடவே விடாத அழற்சி. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, நார் நாராக இறுகுகிறது. மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வாய்க்குள் வைக்க முடியாது; களி உருண்டை போட்டுக்கொள்ளவே சிரமப்படுவார்கள்.

காரம் பட்டால் எரிகிறது என்பதை வாய்ப்புண் என்று நினைத்து மாதக்கணக்கில் வைட்டமின் மாத்திரை போடுவதும் தவறு. அதே சமயம், இந்த நார் இறுக்கம் வந்த எல்லோருக்கும் புற்றுநோய் என்று பயமுறுத்துவதும் சரியில்லை. கேரளத்தின் எர்ணாகுளம் மாவட்டத்தில் நோயாளிகளை 17 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1985-இல் வெளியான ஆய்வில், 7.6 சதவீதம் பேருக்குத்தான் அது புற்றாக மாறியது. சின்ன எண் என்று அலட்சியப்படுத்தும் அளவு இல்லை, அவ்வளவுதான்.

படித்தவர்கள் செய்கிற தவறு வேறு. மூலக்கூறுகளை நல்லது, கெட்டது என்று பிரித்துவிடுகிறார்கள். ஹையலூரோனனையே எடுத்துக்கொள்ளுங்கள். நீளச் சங்கிலியாக இருக்கும்வரை அது அழற்சியை அடக்கும். காயத்தில் துண்டு துண்டாக உடைந்தால், அந்தத் துண்டுகளே, ஆபத்தை உணரும் டிஎல்ஆர்2, டிஎல்ஆர்4 ஏற்பிகளைத் தொட்டு அபாயச் செய்தி கிளப்பும். பொருள் ஒன்றுதான், நீளம்தான் வேறு.

சரி, அப்படியானால் மேட்ரிக்ஸை வெட்டும் நொதிகளைத் தடுத்துவிட்டால் போதுமே? 1990-களில் அப்படித்தான் நினைத்து மாரிமாஸ்டாட் மாதிரி மருந்துகளைச் சோதித்தார்கள். மூட்டுவலி வந்தது, எதிர்பார்த்த பலன் வரவில்லை. நேர்மாறாக, கணையப் புற்றைச் சுற்றியுள்ள ஹையலூரோனனைக் கரைக்கும் மருந்தும் 2019-இல் பெரிய சோதனையில் தோற்றது. ஆய்வகத் தட்டில் கிடைத்த வெற்றியை வைத்து, புற்றுக்கு மருந்து என்று பவுடர் விற்கிறவர்களை நம்பாமலிருக்க இது ஒன்றே போதும்.

கடைசியாக, பாக்கை விட்டதும் பரிசோதனைக்குப் போவதையும் நிறுத்திவிடுவது. விட்டால் இறுக்கம் மேலும் ஏறுவது குறையும். ஆனால் இறுகிய நார் பெரும்பாலும் அப்படியே இருக்கும், புற்றாகும் ஆபத்தும் முழுதாகப் போகாது. அதனால் பாக்கை விட்டவரும் அரசு மருத்துவமனை பல் பிரிவில் சொல்லும் இடைவெளியில் வாயைக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.