கல்யாண மண்டபத்தில் கேண்டிட் படம் எடுப்பது எப்படி?

திருமண வீட்டில் மகிழ்ச்சி எந்த நேரத்தில், எந்த இடத்தில், யாருடைய முகத்தில் வெளிப்படும் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே அறிந்துகொள்ள முடியும். சடங்குகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. ஒவ்வொரு சடங்கிலும் இன்னார் இன்ன இடத்தில் நிற்பார் என்ற வழக்கமும் இருக்கிறது. ஆகவே கேண்டிட் படம், அதாவது யாரையும் போஸ் கொடுக்கச் சொல்லாமல் இயல்பாக இருக்கும்போதே எடுக்கும் படம், எடுக்க விரும்புகிறவர் லென்ஸைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பாக, அந்தக் குடும்பத்தின் சடங்கு முறையைக் கேட்டறிய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. ஊருக்கு ஊர், சமூகத்துக்குச் சமூகம் முறை மாறுவதால், முந்தைய நாள் மாலையிலேயே வீட்டில் விவரம் தெரிந்த ஓர் அத்தையிடமோ பெரியம்மாவிடமோ, திருமணத்தை நடத்திவைக்கும் புரோகிதரிடமோ அரை மணி நேரம் பேசுங்கள்.

தாலி கட்டும் நேரத்தை எடுத்துக்கொள்வோம். புரோகிதர் கையை உயர்த்திக் குறிப்புக் காட்டியதும், அதுவரை நிதானமாக ஒலித்த நாதசுவரமும் தவிலும் கெட்டிமேளமாக மாறுகின்றன. அப்போது வீடியோக்காரரும் வழக்கமான புகைப்படக்காரரும் மணமேடையின் முன்புறத்தை அடைத்துக்கொண்டு நிற்பார்கள். தாலிக் கயிற்றை அவர்கள் தவறாமல் எடுத்துவிடுவார்கள். நீங்கள் மேடையின் பக்கவாட்டில், பெண்ணின் தாயும் தந்தையும் தெளிவாகத் தெரியும் இடத்தில் முன்னரே நின்றுகொள்ள வேண்டும். முதல் முடிச்சை மணமகன் போட, மற்ற இரண்டையும் நாத்தனார் போடும் வழக்கமுள்ள வீடுகளில், மணமகளின் பின்னால் குனிந்திருக்கும் அந்தப் பெண்ணின் முகத்தில் பொறுப்பும் பூரிப்பும் ஒன்றாகத் தெரியும். அட்சதை விழுந்து முடிந்ததும் கேமராவைத் தாழ்த்திவிடாதீர்கள். அதற்கு அடுத்த சில நொடிகளில்தான், அதுவரை பதற்றத்தில் இறுகியிருந்த பெற்றோரின் முகங்கள் தளர்கின்றன. கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வருவது அப்போதுதான்.

கைகளுக்கு வேலை இருக்கும்போது மனிதர்கள் கேமராவை மறந்துவிடுகிறார்கள். குடத்துத் தண்ணீரில் மணமக்கள் மோதிரம் தேடும்போதும், நலங்கில் தேங்காய் உருட்டி அப்பளம் உடைக்கும்போதும், மாலை மாற்றலில் மாமன்மார் மணமக்களைத் தோளில் தூக்கும்போதும் யாரும் உங்களைக் கவனிக்கப் போவதில்லை. நலங்கின்போது, அருகிலிருந்தே அகலமாகக் காட்டும் 35 மி.மீ. லென்ஸுடன் தரையில் அவர்களோடு அமர்ந்துவிடுங்கள். நின்றபடி மேலிருந்து எடுத்தால் தலைகளும் பூச்சரங்களும்தான் பதியும். மணமக்களை இரண்டு படம் எடுத்தால், அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் சித்தப்பா, தோழிகள், குழந்தைகள் ஆகியோரை நான்கு படம் எடுங்கள். தூரத்தில் இருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு, அவர்களை நெருக்கமாகக் காட்டும் 85 மி.மீ. லென்ஸ் பொருத்தமானது.

தொழில்நுட்பத்தில் கூடுதல் கவனம் தேவைப்படுவது மண்டபத்தின் வெளிச்சத்துக்கு. நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸில் வருவதால், பழைய வகை டியூப்லைட்டுகளும் தரம் குறைந்த எல்.இ.டி. விளக்குகளும் நொடிக்கு 100 முறை கூடிக் குறைகின்றன. ஷட்டர் வேகத்தை உயர்த்தி, அது திறந்திருக்கும் நேரத்தை 1/100 நொடியைவிடக் குறைக்கும்போது படங்களில் இருண்ட பட்டை விழவோ, ஒரு படம் வெளிச்சமாகவும் அடுத்தது மங்கலாகவும் வரவோ வாய்ப்புண்டு. சத்தமில்லாமல் மின்னணு முறையில் எடுக்கும் சைலன்ட் ஷட்டரில் இந்தப் பட்டைகள் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆனால் 1/100 நொடியில் ஆட்டமும் ஓட்டமும் கலங்கிவிடும் என்பதால், முகங்களுக்கு 1/250, ஓடும் குழந்தைகளுக்கு 1/500 நொடி வேண்டும். முந்தைய நாளே காலி மேடையில் எல்லா விளக்குகளையும் போடச் சொல்லி, இந்த வேகங்களில் சில படங்கள் எடுத்துச் சோதித்துவிடுங்கள். பட்டை விழுந்தால், விளக்கின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பப் படமெடுக்கும் நொடியைச் சரிசெய்யும் ஆன்ட்டி-ஃபிளிக்கர் வசதி கேமராவில் இருந்தால், அதை இயக்குங்கள். லென்ஸில் ஒளி புகும் திறப்பான அபர்ச்சரை எஃப் 2 முதல் எஃப் 2.8 வரை அகலமாக வைத்து, கேமராவின் ஒளி உணர்திறனான ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விட்டு, உச்சவரம்பை 6400 என்று வரையறுத்துக்கொள்ளலாம். ஐ.எஸ்.ஓ. உயர்வதால் சற்று மணல் படிந்தாற்போல் வரும் படத்தை யாரும் குறை சொல்வதில்லை. ஃபிளாஷைத் தவிர்ப்பது நல்லது. ஒருமுறை அடித்தாலே அந்தப் பக்கத்துத் தலைகள் எல்லாம் உங்களை நோக்கித் திரும்பிவிடும்.

ஜெர்மானியரான எரிக் சாலமன் 1920-களின் இறுதியில் எர்மானாக்ஸ் என்ற சிறிய கேமராவைக் கொண்டு, ஃபிளாஷ் இல்லாமலேயே அரசியல் மாநாடுகளில் தலைவர்களை இயல்பாகப் படம்பிடித்தார். அனுமதி இல்லாத இடங்களில் கேமராவை மறைத்தும் வைத்தார். திருமண வீட்டில் மறைப்பதற்கு அவசியமும் இல்லை, அது முறையும் அல்ல. எல்லோரும் பார்க்கும்படி சீக்கிரமே வந்து, பெரியவர்களுக்கு வணக்கம் சொல்லி, குழந்தைகளுக்கு அவர்களுடைய படத்தைத் திரையில் காட்டினால், சிறிது நேரத்தில் நீங்களும் அந்த வீட்டு மனிதராகிவிடுவீர்கள். “சிரிங்க” என்று மட்டும் ஒருபோதும் சொல்லாதீர்கள். பந்தியில் வாய் திறந்து உண்பவர்களையும், குழந்தைக்குப் பாலூட்டும் தாய்மார்களையும், ஆடை சரிசெய்யும் பெண்களையும் எடுக்காதீர்கள். யாரேனும் கையால் மறுத்தால், எடுத்த படத்தை அவர் கண்முன்னேயே அழித்துவிடுங்கள். குழந்தைகளின் படங்களைச் சமூக ஊடகத்தில் இடுவதற்குப் பெற்றோரின் ஒப்புதலைத் தனியாகக் கேளுங்கள்.

படங்களைத் தேர்ந்தெடுக்கும்போது கண்களைப் பாருங்கள். மனம் நிறைந்த சிரிப்பில் கன்னத்தோடு கண்ணைச் சுற்றியுள்ள தசையும் சுருங்குகிறது என்பதையும், அந்தத் தசை நம் விருப்பத்துக்கு எளிதில் கட்டுப்படாது என்பதையும் பிரெஞ்சு மருத்துவர் டுஷென் 1862-இல் வெளியிட்ட தம் ஆய்வில் விளக்கினார். திரையில் வாய்ப்பகுதியை விரலால் மறைத்துப் பாருங்கள். அப்போதும் முகம் சிரிப்பதாகத் தோன்றினால் அந்தப் படத்தை வைத்துக்கொள்ளுங்கள். கை சற்றுக் கலங்கியிருந்தாலும், ஓரத்தில் யாருடைய தோளோ புகுந்திருந்தாலும் அதற்காக அதைத் தள்ளிவிடாதீர்கள். ஒழுங்காக அமைந்தும் முகத்தில் எதுவும் இல்லாத படங்களைத் தயங்காமல் நீக்கலாம்.

ஆல்பத்துக்கான லிங்கை அனுப்புவதோடு நிறுத்திவிடாமல், வீட்டுப் பெரியவர்கள் மனம்விட்டுச் சிரிக்கும் படங்களை மட்டும் 5 x 7 அங்குலத்தில் அச்சிட்டு, பின்புறம் திருமண நாளையும் ஊரையும் எழுதி, மணமக்கள் மறுவீடு செல்வதற்குள் கொடுத்துவிடுங்கள். பெரியவர்களில் பலர் அந்த லிங்கைத் திறந்து பார்ப்பதில்லை.