பிஎச்பி கோடுக்குள் எஸ்க்யூஎல் குவெரியை எழுதும் முறை

டேட்டாபேஸுக்கு அனுப்பும் நீளமான குவெரியைத் துண்டு துண்டாக மேற்கோளுக்குள் போட்டு, புள்ளி வைத்து ஒட்டும் பழக்கத்தை முதலில் விடுங்கள். ‘செலக்ட் ஐடி, நேம்’ ஒரு துண்டு, ‘ஃப்ரம் யூசர்ஸ்’ அடுத்த துண்டு. நடுவே ஸ்பேஸ் விட மறந்தால் ‘நேம்ஃப்ரம் யூசர்ஸ்’ என்று ஒட்டிக்கொள்ளும். மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் இதை இலக்கணப் பிழை என்றுகூடச் சொல்லாது. ‘நேம்ஃப்ரம்’ ஒரு ஃபீல்டு, ‘யூசர்ஸ்’ அதற்கு வைத்த மாற்றுப்பெயர் என்று எடுத்துக்கொள்ளும். ஃப்ரம் இல்லாததால், ‘ஐடி’ என்று ஒரு ஃபீல்டே இல்லை என 1054ஆம் பிழையைக் காட்டும். நீங்கள் டேபிளைக் குடைந்துகொண்டிருப்பீர்கள்.

இதற்கு, பல வரி உரையை எழுதியபடியே வைத்துக்கொள்ளும் பிஎச்பியின் நவ்டாக்தான் சரி. ‘சிறியது’ குறி மூன்று, அதையொட்டி ஒற்றை மேற்கோளுக்குள் எஸ்க்யூஎல் என்று ஆங்கிலப் பெரிய எழுத்தில் மூன்று எழுத்து. அடுத்த வரியிலிருந்து குவெரி. கடைசியில் தனி வரியில் அதே மூன்று எழுத்து, பிறகு அரைப்புள்ளி. வேறு பெயர் வைத்தாலும் கோடு ஓடும். ஆனால் விஎஸ் கோடு, பிஎச்பி ஸ்டார்ம் போன்ற எடிட்டர்கள் இந்தப் பெயரைப் பார்த்துத்தான் உள்ளே இருப்பது குவெரி என்று புரிந்து வண்ணம் போடுகின்றன.

ஒற்றை மேற்கோளை விட்டுவிட்டால் அது ஹியர்டாக் ஆகிவிடும். அங்கே டாலர் குறியோடு வரும் பெயரெல்லாம் வேரியபிளாக விரியும். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் ஃபங்ஷனில் டாலருக்கு நடுவே ‘பாடி’ என்று எழுதினால் அதையும் விழுங்கிவிடும். பயனர் தட்டிய மதிப்பு இப்படி நேராக உள்ளே போய், அதில் இருக்கும் கட்டளையும் ஓடினால் இன்ஜெக்‌ஷன்தான். மதிப்புகளுக்கு, டேட்டாபேஸோடு பேசும் பிஎச்பியின் பிடிஓவில் முக்காற்புள்ளி வைத்த பெயர் கொடுத்து, எக்ஸிக்யூட் செய்யும்போது அனுப்புங்கள். டேபிள் பெயரையும் ஆர்டர் பை ஃபீல்டையும் அப்படி அனுப்ப முடியாது. அனுமதித்த பெயர்களை ஒரு அர்ரேயில் வைத்து, அதில் இருந்தால் மட்டும் ஸ்ப்ரின்ட்எஃப் ஃபங்ஷன் வழியாகச் சேர்க்கலாம். அப்போது லைக்கில் வரும் சதவீதக் குறியை இரட்டிப்பாக்க வேண்டும். இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள்.

பிஎச்பி 7.3 முதல் முடிவுப் பெயரையும் உள்தள்ளி எழுதலாம். அது எத்தனை ஸ்பேஸ் தள்ளி நிற்கிறதோ, அத்தனை ஸ்பேஸ் எல்லா வரியிலிருந்தும் கழியும். ஏதாவது ஒரு வரி அதைவிடக் குறைவாகத் தள்ளியிருந்தாலோ, டேபும் ஸ்பேஸும் கலந்திருந்தாலோ ஃபைலே ஓடாது.

செலக்ட், ஃப்ரம், வேர், ஆர்டர் பை ஒவ்வொன்றும் புது வரியில் தொடங்கட்டும். ஜாயினுக்கு ஒரு வரி, அதன் ஆன் நிபந்தனைக்கு உள்தள்ளி அடுத்த வரி. ஆண்ட் வரியின் முதலில் வர வேண்டும். ஒரு நிபந்தனையைத் தற்காலிகமாக நிறுத்த அந்த வரியை மட்டும் கமென்ட் ஆக்கினால் போதும். எடிட்டர்தான் வண்ணம் காட்டுகிறதே என்று கீவேர்டுகளைச் சிறிய எழுத்துக்கு மாற்றாதீர்கள். சர்வர் லாகில் வண்ணம் கிடையாது.

குவெரிக்குள் குறிப்பு எழுத இரட்டைக் கோடு (--) வேண்டாம், சாய்கோடும் நட்சத்திரமும் போடுங்கள். யாராவது லாகுக்காகவோ வேறெதற்கோ வரிகளை ஒன்றாக்கினால், இரட்டைக் கோட்டுக்குப் பின் இருப்பதெல்லாம் கமென்ட் ஆகிவிடும். அப்படிக் காணாமல் போவது டெலீட்டின் வேர் பகுதியாக இருந்தால் டேபிளே காலி.

பிஎச்பி ஸ்டார்மில் வண்ணம் வந்தும் சரியான கீவேர்டின் கீழ் சிவப்புக் கோடு விழுந்தால், செட்டிங்ஸில் எஸ்க்யூஎல் டயலக்டை, அதாவது எந்த டேட்டாபேஸின் எஸ்க்யூஎல் என்பதை, மைஎஸ்க்யூஎல் அல்லது போஸ்ட்கிரஸ் என்று தேர்ந்தெடுங்கள்.