செட்டிநாட்டு டெலிவரிக்கு எந்த லோடு வண்டி? மைலேஜையும் உழைப்பையும் நீங்களே ஒப்பிட்டுப் பார்க்கும் முறை

காரைக்குடிப் பக்கம் பலகாரக் கடைக்கோ, ஆத்தங்குடிக் கல் பட்டறைக்கோ டெலிவரி ஓட்டலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த வண்டி நல்ல மைலேஜ் தரும்?" என்பதுதான். ஷோரூமில் ஒரு எண் சொல்வார்கள். டீக்கடையில் நிற்கும் டிரைவர் வேறொரு எண் சொல்வார். இரண்டுமே உங்கள் சரக்கை ஏற்றி, உங்கள் தெருவில் ஓட்டிப் பார்த்துச் சொன்னதல்ல. அதனால் வண்டியை விட்டுவிட்டுச் சரக்கிலிருந்து ஆரம்பிப்போம்.

படி 1: சரக்கை எடை போடுங்கள்

முறுக்கும் சீப்புச் சீடையும் நிறைந்த தகர டின்கள் இடத்தை அடைக்கும், எடை இருக்காது. ஆத்தங்குடிக் கல் நேர்மாறு. சிமெண்டில் வார்த்த கல் என்பதால், பின்னால் உள்ள தொட்டி நிரம்பும் முன்பே வண்டி தாங்கும் எடை முடிந்துவிடும். கடைத் தராசில் ஒரே ஒரு கல்லை வையுங்கள். வரும் எடையை ஒரு வீட்டுக்குப் போகும் கற்களின் எண்ணிக்கையால் பெருக்குங்கள். கூடவே வைக்கோல், மரச்சட்டம், ஏறி வரும் இரண்டு ஆள் எல்லாவற்றையும் சேருங்கள். இந்தக் கணக்கைப் போடாமல் வண்டி வாங்கியவர்கள்தான் ஆறு மாதத்தில் பட்டை, அதாவது பாரம் தாங்கும் ஸ்பிரிங் தகடு, உடைந்து நிற்கிறார்கள்.

அடுத்து வண்டியின் ஆர்.சி. புத்தகம். அதில் வெறும் வண்டியின் எடை, சரக்கோடு சேர்ந்த மொத்த எடை என்று இரண்டு எண்கள் இருக்கும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் நீங்கள் ஏற்றக்கூடியது. பின்னால் மூடிய பெட்டி கட்டினால் அந்தப் பெட்டியின் எடையையும் இதிலிருந்து கழிக்க வேண்டும். பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். அளவுக்கு மேல் ஏற்றினால் 2019 மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி 20,000 ரூபாய் அபராதம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2,000.

ஒரு அளவு தெரிய வேண்டுமே என்பதற்காகச் சொல்கிறேன். 2005-இல் வந்த டாடா ஏஸ், அதாவது நம் குட்டி யானை, முக்கால் டன் வகை. 2011-இல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றே கால் டன் வகை. மாருதி சூப்பர் கேரி பெட்ரோலில் கிட்டத்தட்ட முக்கால் டன் எடுக்கும். அதே வண்டியின் சி.என்.ஜி. (அழுத்தி அடைத்த இயற்கை எரிவாயு) வகை நூறு கிலோவுக்கும் மேல் குறைவாகத்தான் எடுக்கும், சிலிண்டரே எடை தின்றுவிடும். பலகாரத்துக்கு அது பொருட்டில்லை. கல்லுக்கு யோசிக்க வேண்டும்.

இன்னொரு விஷயம்: மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை. புதிதாகத் தொழில் தொடங்குகிறவருக்கு அலைச்சல் ஒன்று மிச்சம்.

படி 2: உங்கள் சுற்றை எழுதுங்கள்

செட்டிநாட்டு ஓட்டம் இரண்டு வகை. ஒன்று ஊருக்குள் சுற்றுவது: காரைக்குடி, கோட்டையூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான் என்று நாலைந்து கிலோமீட்டருக்கு ஒரு நிறுத்தம். மற்றொன்று திருச்சி, மதுரை என்று நீண்ட ஓட்டம். முதல் வகையில் இன்ஜின் சூடாகும் முன்பே அணைத்துவிடுவோம். சூடாகாத இன்ஜின் அதிக எரிபொருள் குடிக்கும்.

இங்கே டீசல் வண்டிக்குத் தனியாக ஒரு சிக்கல் உண்டு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புகையைக் கட்டுப்படுத்தும் விதி) டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்குழாயில் கரித்தூளைப் பிடிக்கும் வடிகட்டி ஒன்று இருக்கும், டி.பி.எஃப். என்பார்கள். அதில் சேரும் கரி எரிந்து சுத்தமாக, புகை நன்றாகச் சூடாக வேண்டும். தொடர்ந்து கொஞ்ச தூரம் ஓடினால்தான் அந்தச் சூடு வரும். நாள் முழுக்கத் தெருத்தெருவாக நின்று நின்று போனால் கரி அடைத்து, மீட்டரில் விளக்கு எரியும். கண்டுகொள்ளாமல் ஓட்டினால் வண்டி இழுக்காது, சர்வீஸ் சென்டருக்குத்தான் போக வேண்டும். எனவே டீசல் பார்க்கும்போது, "இதில் டி.பி.எஃப். இருக்கா? அடைச்சா என்ன செய்யணும்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் வேறு ஷோரூமில் கேளுங்கள்.

சுற்றை எழுதும்போது வாசல்களையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். சமையல் சாமானெல்லாம் பின்வாசலில்தான் இறக்குவார்கள். முன்வாசலுக்குப் போய் அப்புறம் சுற்றி வருவது ஒவ்வொரு வீட்டுக்கும் வீண் ஓட்டம்.

படி 3: மைலேஜை அளப்பது

மீட்டரில் காட்டும் சராசரியை நம்ப வேண்டாம். டேங்க் நிரப்பும் முறைதான் சரி.

பங்கில் குழாய் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். "ரவுண்டா போட்டுடுங்க" என்று அதற்கு மேல் ஊற்ற விடாதீர்கள். கிலோமீட்டரை எழுதிக்கொள்ளுங்கள். வழக்கம்போல ஓட்டுங்கள். அடுத்த முறை அதே பங்கில், முடிந்தால் அதே குழாயில், மறுபடியும் தானாக நிற்கும் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ். ஒரே தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள். நாலைந்து நிரப்புதலின் கிலோமீட்டரையும் லிட்டரையும் தனித்தனியாகக் கூட்டி, அப்புறம் வகுங்கள்.

சி.என்.ஜி.க்கு இது இன்னும் முக்கியம். பங்கில் அழுத்தம் குறைவாக இருந்தால் 'ஃபுல்' என்று சொன்னாலும் ஃபுல் இருக்காது. பில்லில் உள்ள கிலோவைப் பல நிரப்புதலுக்குச் சேர்த்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும்.

அளக்கும் நாட்களில் டயர் காற்றைக் காலையில், வண்டி ஓடும் முன் பாருங்கள். அப்படியே ஏர் ஃபில்டரைக் கழற்றி ஒரு செய்தித்தாள் மேல் தட்டுங்கள். நம் பக்கத்துச் செம்மண் புழுதி குவியலாக விழும். அடைத்த ஃபில்டரோடு ஓடும் வண்டி இழுக்காது, டிரைவர் இன்னும் மிதிப்பார். புத்தகத்தில் போட்டிருக்கும் கிலோமீட்டர் வரை காத்திருக்காமல், கோடையில் முன்கூட்டியே பார்ப்பது நல்லது.

படி 4: ரூபாய்க்கு மாற்றுங்கள்

டீசலும் பெட்ரோலும் லிட்டர், சி.என்.ஜி. கிலோ. மைலேஜை நேரடியாக ஒப்பிட்டால் தப்பாகத்தான் போகும். ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபாய் என்று பாருங்கள். உதாரணத்துக்கு மட்டும் சில எண்கள். உங்கள் பங்க் விலையையும் நீங்கள் அளந்த மைலேஜையும் போட்டுக்கொள்ளுங்கள்.

டீசல் 92 ரூபாய், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் என்றால், கிலோமீட்டருக்கு 5.11 ரூபாய். பெட்ரோல் 101 ரூபாய், 15 கிலோமீட்டர் என்றால் 6.73. சி.என்.ஜி. கிலோ 90 ரூபாய், 20 கிலோமீட்டர் என்றால் 4.50.

பெட்ரோலோடு ஒப்பிட்டால் டீசல்தானே லாபம் என்று தோன்றும். டீசல் வண்டி பெட்ரோலைவிட ஒரு லட்சம் அதிகம் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 2,000 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 3,240 ரூபாய். அந்த ஒரு லட்சம் 31 மாதத்தில் திரும்பும். மாதம் 750 கிலோமீட்டர்தான் ஓட்டம் என்றால் மிச்சம் 1,215 ரூபாய்; திரும்ப ஏறக்குறைய ஏழு வருஷம் ஆகும். ஊருக்குள் மட்டும் பலகாரம் கொண்டுபோய்ப் போடுகிறவருக்கு டீசல் தேவையில்லை என்பதே என் கருத்து.

சி.என்.ஜி. எண்ணைப் பார்த்து உடனே சாய்ந்துவிடாதீர்கள். உங்கள் சுற்றிலேயே பங்க் இருக்க வேண்டும். நிரப்புவதற்காக இருபது கிலோமீட்டர் போய் வரிசையில் நின்றால் மிச்சமெல்லாம் அதிலேயே போய்விடும். சிலிண்டருக்கு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை சோதனைச் சான்றிதழும் வேண்டும்.

படி 5: உழைப்பை விசாரிப்பது

மைலேஜில் ஐம்பது பைசா வித்தியாசத்தை, வண்டி நின்ற ஒரு நாள் விழுங்கிவிடும். கல்யாண வீட்டுக்குக் காலை ஏழு மணிக்குப் போக வேண்டிய பலகாரம் மதியம் போனால், அந்தக் கடை மறுபடி உங்களைக் கூப்பிடாது.

மெக்கானிக்கிடம் "எந்த வண்டி அடிக்கடி ரிப்பேருக்கு வருது?" என்று கேட்காதீர்கள். ஊரில் அதிகம் ஓடும் வண்டியைத்தான் சொல்வார், அது இயல்பு. "எதுக்காக வருது? எத்தனை கிலோமீட்டர்ல வருது? எத்தனை நாள் நிக்குது?" என்று கேளுங்கள். கிளட்ச் பிளேட், பிரேக் லைனிங் தேய்வதெல்லாம் சாதாரணம். ஓட்டம் குறைவாக இருக்கும்போதே ரேடியேட்டர், வீல் பேரிங், சென்சார் என்று வருகிறது என்றால் கவனிக்க வேண்டும். டிரைவர்களிடமும் கேளுங்கள், முதலாளிகளிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். தான் வாங்கிய வண்டியை யாரும் குறை சொல்ல மாட்டார்.

அப்புறம் ஸ்பேர் கடை. நீங்கள் யோசிக்கும் ஒவ்வொரு மாடலுக்கும் கிளட்ச் செட், டீசல் அல்லது பெட்ரோல் பம்ப், முன் கண்ணாடி மூன்றுக்கும் விலை கேளுங்கள். "இன்னைக்கே இருக்கா, மதுரையிலிருந்து வரணுமா?" என்பதையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விலையைவிட அந்த இரண்டாவது பதிலுக்குத்தான் நான் அதிக மதிப்புக் கொடுப்பேன்.

பழைய வண்டி என்றால் எஃப்.சி., அதாவது தகுதிச் சான்றிதழ், தேதியைப் பாருங்கள். சரக்கு வண்டிக்கு முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, அதன்பின் வருஷா வருஷம் எஃப்.சி. எடுக்க வேண்டும். எட்டைத் தாண்டிய வண்டி மலிவாகக் கிடைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். வண்டிக்கு அடியில் குனிந்து பட்டைகளைப் பாருங்கள். ஒன்று மட்டும் புதிதாகப் பளபளத்தால், அந்த வண்டி அளவுக்கு மேல் சுமந்திருக்கலாம்.

படி 6: சரக்கோடு ஓட்டிப் பாருங்கள்

காலி வண்டியை ஓட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. படி 1-இல் போட்ட எடையை ஏற்றி, படி 2-இல் எழுதிய சுற்றில் போங்கள். ஊருணிக் கரை மாதிரி ஈரமான மண்ணில் நிறுத்தி முதல் கியரில் கிளப்புங்கள், கிளட்ச் வாடை வருகிறதா என்று பாருங்கள். டெமோ வண்டியில் சரக்கு ஏற்ற ஷோரூம்காரர் ஒத்துக்கொள்ளாவிட்டால், அதே மாடல் வைத்திருப்பவரிடம் ஒரு நாள் வாடகைக்குக் கேளுங்கள். டிரைவரோடு சேர்த்துக் கேட்டால் தயங்காமல் கொடுப்பார்கள். எரிபொருள் செலவு உங்களுடையது. காலையிலும் மாலையிலும் அதே குழாயில் நிரப்பி, இரண்டு பில்லையும் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள்.